பழைய மாளிகையில் ஓர் இரவு: வாடகையும் வரியும்

கொல்கத்தா செல்லும் நம் வாடிக்கையாளர்களில் சிலர், பெருநகர நெரிசலைத் தவிர்த்துப் புறநகரின் சிறிய பாரம்பரிய விடுதிகளில் தங்க விரும்புகின்றனர். அவ்வகைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, செராம்பூர் நகரின் நடுப்பகுதியில், ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்துள்ள ‘டென்மார்க் டேவர்ன்’. ஹவுராவிலிருந்து புறநகர் மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்திற்குள் செராம்பூரை அடைந்துவிடலாம்.

தமிழருக்கு இவ்வூர் முற்றிலும் புதியதன்று. 1620-இல் தரங்கம்பாடியில் கால்பதித்த டேனியர், 1755-இல் இங்கும் குடியேறினர். 1845-இல் இரண்டு ஊர்களையும் ஆங்கிலேயருக்கு விற்றனர். தரங்கம்பாடிக் கடற்கரையிலும் பழைய பங்களா ஒன்று இன்று விடுதியாக இயங்குகிறது.

1786-இல் பயணிகளுக்காகத் திறக்கப்பட்ட டேவர்ன், பிற்காலத்தில் கூரை இடிந்து பாழடைந்தது. இந்திய, டேனிய வல்லுநர்களின் கூட்டு முயற்சியால் மீட்டெடுக்கப்பட்டு, 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இத்தகைய கட்டடங்களில் அறைகள் சிலவே. பராமரிப்புச் செலவோ மிகுதி. அச்செலவு முழுவதையும் அச்சில அறைகளே தாங்க வேண்டியிருப்பதால் வாடகை உயர்கிறது. அதைச் செலுத்தும் விருந்தினர், பழமையைக் காப்பதிலும் பங்கேற்கிறார்.

எனினும், வாடகையோடு வரியையும் கணக்கிட்ட பின்னரே முன்பதிவு செய்தல் நன்று. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடு. கூடுதல் தொகைக்கு மட்டுமன்றி, முழு வாடகைக்கும் உயர்ந்த விகிதமே பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: 7,400 ரூபாய் அறைக்கு வரி 370, மொத்தம் 7,770 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு வரி 1,368. மொத்தம் 8,968 ரூபாய். வாடகையில் வேறுபாடு 200 ரூபாயே. செலுத்தும் தொகையில் வேறுபாடு 1,198 ரூபாய். மூன்று இரவுகள் தங்கினால் இது 3,594 ரூபாயாகும். எனவே, காட்டப்படும் வாடகை வரி உட்பட்டதா, வரி நீங்கலானதா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. சில விடுதிகள் வருகையின்போது, பிணைத்தொகையாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்திவைக்கும். கடன் அட்டையாயின், பயன்படுத்தத்தக்க வரம்பு மட்டுமே குறையும். பற்று அட்டையாயின், சேமிப்புக் கணக்கிலுள்ள பணமே முடங்கும். அறையைக் காலி செய்த பின்னும் அது விடுபடச் சில நாட்கள் ஆகலாம். அந்நாட்களில் மாதத் தவணை செலுத்த வேண்டியிருப்பின், போதிய இருப்பின்றி அது திரும்பிவிடக்கூடும். ஆகவே, பிணைத்தொகை எவ்வளவு என்பதை முன்னரே கேட்டறிந்து, தவணைக்குரிய பணத்தைத் தனியே பேணுதல் நலம்.

கணக்கைப் புறப்படுமுன் முடித்துவிட்டால், ஹூக்ளிக் கரையின் மாலைப்பொழுதைக் கவலையின்றிக் கண்டு மகிழலாம்.