கண்ணாடிக்கு ஷாக் அடிக்காது, சட்டைக்கு அடிக்கும்

சென்னையின் தெற்கே மேடவாக்கத்தைத் தாண்டிப் போகிறவர்கள், ஒட்டியம்பாக்கம் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தை நோக்கி வரிசைகட்டி வரும் கோபுரங்களைப் பார்த்திருப்பார்கள். கோபுரத்தின் கைகளில் இன்சுலேட்டர் சரங்களைப் பிடித்துத் தொங்குபவை மின்சாரக் கம்பிகள். இம்மாதிரிக் கோபுரங்களின் உச்சியில், இன்சுலேட்டர் எதுவும் இல்லாமல் இரும்போடு நேராகப் பிணைத்த மெல்லிய கம்பி ஒன்று ஓடும். இடியைத் தன்மேல் வாங்கி மண்ணுக்கு இறக்கும் எர்த் ஒயர் அது. இப்போது புதிதாகப் போடும் பெரிய மின்தடங்களில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குள் ஓடும் உலோகக் குழாயில் 24, 48 என்று கண்ணாடி இழைகள் கிடக்கும். துணைமின் நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்வது அவற்றின் வழியாகத்தான். இங்கிலாந்தின் பி.ஐ.சி.சி. நிறுவனம் 1977இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது.

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. அந்த இன்சுலேட்டர் தட்டுகளே கண்ணாடியாலும் பீங்கானாலும் ஆனவைதாம். பிறகு ஃபைபரில் மின்காப்பு எப்படி முறியும்? இழையில் முறியாது, இழை போட்டிருக்கும் சட்டையில்தான் முறியும். உலோகக் குழாய், பிளாஸ்டிக் உறை, உறைமேல் படிந்த உப்பு, உள்ளே புகுந்த ஈரம் எல்லாம் அந்தச் சட்டையைச் சேர்ந்தவை. இரண்டு இழைகளை ஒட்டி ஜாயின்ட் போடுகிறவர் முதலில் செய்யும் காரியமே இந்தச் சட்டையைக் கழற்றுவதுதான்.

கழற்றிய பிறகு மிஞ்சுவது 125 மைக்ரான் தடிமனுள்ள வெறும் கண்ணாடி. ஒளி ஓடும் உள்கரு அதிலும் 9 மைக்ரான்தான். முனையைச் செங்குத்தாகச் சீவி, ஸ்ப்ளைசிங் மிஷினில் இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்தால், ஒரு சின்ன மின்பொறி அவற்றை உருக்கி ஒட்டிவிடும். ஒட்டிய இடத்தில் மேல்பூச்சு இல்லை. ஈரம் பட்டபடி இழுவிசையிலும் இருந்தால் கண்ணாடியில் நுண்விரிசல் வளரும். அதனால் ஒரு ஸ்லீவை மாட்டிச் சூடாக்கிச் சுருக்குவார்கள். தெருவில் புழங்கும் ஸ்லீவ்களைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே ஒல்லியான எஃகுக் கம்பி இருக்கும். இழை வளையாமலிருக்க வைத்த முட்டு அது. தெருமுனைப் பெட்டியில் அதனால் ஒரு கேடும் இல்லை. மின்னழுத்தம் படிப்படியாக ஏறும் இடத்தில் வைத்தாலோ, காப்புப் பாதையின் நடுவில் நாமே ஒரு இரும்புத் துண்டைச் செருகினதாகிவிடும்.

ஆகவே ஜாயின்டை எப்படிப் போடுவது என்பதைவிட எங்கே போடுவது என்பது பெரிய கேள்வி. அழுத்த வேறுபாடு இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே போடக்கூடாது. அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ முழுக்கப் போய்விட வேண்டும். உச்சிக் கம்பியில் இது சுலபம். அது மண்ணோடு இணைந்தது. இரண்டு முனைகளையும் கோபுரத்தின் கால்வழியே தரைவரை இறக்கி, வண்டிக்குள் தூசியில்லாமல் உட்கார்ந்து ஒட்டி, பெட்டியையும் மிச்சக் கேபிளையும் கோபுரத்திலேயே ஏற்றிக் கட்டுவார்கள். ஆனாலும் தொடுமுன் எர்த் செய்தாக வேண்டும். தடத்தில் எல்.சி. (லைன் க்ளியர், மின்சாரத்தை நிறுத்தி வேலைக்குத் தரும் அனுமதி) வாங்கியிருந்தாலும், அதே கோபுரத்தின் மறுபக்கத் தடம் உயிரோடு இருந்தால் அது பக்கத்துக் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும்.

இந்தத் தூண்டல் தாம்பரத்துக்குப் பழைய விருந்தாளி. சென்னை கடற்கரை–தாம்பரம் ரயில் தடம் 1931இல் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடத் தொடங்கி, 1960களில் 25 கிலோவோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. மாறுமின்சாரம் வரும் தடங்களில் பக்கத்திலேயே ஓடும் தந்திக் கம்பிகளைக் கழற்றி, கேபிளாக மண்ணுக்குள் இறக்குவது ரயில்வேயின் வழக்கம். தொடாமலே பாயும் மின்சாரத்துக்குப் பயந்து செய்த வேலை அது.

உச்சிக் கம்பியே இல்லாத தடங்களில், மின்சாரம் ஓடும் கம்பிக்குள்ளேயே இழையை வைப்பதும் உண்டு. அங்கே ஜாயின்ட் பெட்டி கம்பியின் முழு அழுத்தத்தில் இருக்கும். இழையைத் தரைக்குக் கொண்டுவர ஒரே வழி, உள்ளீடற்ற இன்சுலேட்டருக்குள் இறக்குவது. வெளிப்புறத்தை மழையும் காற்றும் பார்த்துக்கொள்ளும், உட்புறம்தான் தலைவலி. ஒரு காற்றுக்குமிழி, கொஞ்சம் ஈரம், இரண்டில் ஒன்று போதும், பொறி உள்ளே ஓட வழி கிடைத்துவிடும். ஆகவே உள்ளே வெற்றிடம் விடாமல் ஜெல் போன்ற காப்புப் பொருளால் நிரப்பி மூடுவார்கள். இழை அந்தக் குழாய்க்குள் ஒட்டில்லாமல் முழுசாக ஓடும். ஒட்டுகள் மேல் பெட்டியிலும் கீழ்ப் பெட்டியிலும் மட்டும்.

உலோகமே இல்லாத, தன்னைத் தானே தாங்கும் கேபிள் மூன்றாவது வகை. பிளாஸ்டிக், அராமிட் நார், கண்ணாடி, அவ்வளவுதான். கேட்கப் பாதுகாப்பாக இருக்கிறது. நம் ஊர் மாதிரிக் கடலோரத்தில் ஏமாற்றுவதும் இதுதான். உயரழுத்தக் கம்பிகளுக்கு நடுவே தொங்கும் இந்தக் கேபிளைச் சுற்றிக் காற்றிலேயே பல கிலோவோல்ட் இருக்கும். அதன் முனையோ, கோபுரத்தில் எர்த் ஆன இரும்புக் கிளாம்பில் மாட்டியிருக்கும். உறை காய்ந்திருக்கும்வரை ஒன்றுமில்லை. அழுக்கேறி நனைந்தால், ஒரு சில மில்லி ஆம்பியர் மின்சாரம் உறைமேல் கிளாம்பை நோக்கி ஊர்கிறது. அதன் சூட்டில் ஓர் இடத்தில் மட்டும் ஈரம் காய்ந்து, குறுகலான உலர்ந்த வளையம் உண்டாகிறது. ஓட்டம் அங்கே அறுபடுவதால் அழுத்தம் முழுதும் அந்த வளையத்தின் இரு கரைகளுக்கிடையே வந்து நிற்கிறது, பொறி பறக்கிறது. ஒவ்வொரு பொறியும் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரியாக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். நாளடைவில் உறை அரித்து, நார் வெளியே தெரிந்து, கேபிள் அறுந்தே விழலாம்.

இதற்குச் சென்னையின் தெற்குப் பக்கம் கச்சிதமான இடம். தாம்பரம் கடலிலிருந்து நேர்க்கோட்டில் 14 கிலோமீட்டர் போலத்தான். சோழிங்கநல்லூர் இன்னும் பக்கம். கோடை முழுதும் மதியக் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து படியவைக்கிறது. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கல் தூசும் சாலைப் புழுதியும் அதோடு சேர்கின்றன. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது எல்லாம் கழுவிப்போய்விடும். அதனால் அடைமழை இங்கே பெரிய எதிரியல்ல. உப்பைக் கழுவாமல் நனைக்க மட்டும் செய்யும் தூறலும் மார்கழிப் பனியும்தான் எதிரி. விமானங்களையே தாமதிக்க வைக்கும் போகி காலைப் புகைமூட்டத்தில் ஒரு கேபிள் உறை என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேபிள் தொங்கும் புள்ளியில் அழுத்தம் 12 கிலோவோல்ட்டைத் தாண்டினால் சாதாரண பாலிஎத்திலீன் உறை போதாது, கரித்தடம் விழாத உறை வேண்டும் என்று ஐ.இ.இ.இ. 1222 தரநிலை வகுத்திருக்கிறது. எனக்குத் தோன்றுவது, கடலோரத்தில் அந்த எல்லைக்கு நெருங்கியே போகக்கூடாது. கேபிளைக் கோபுரத்தில் எந்த உயரத்தில் கட்டுகிறோம் என்பதைக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் உறையை வாங்க வேண்டும்.

தெருக் கம்பங்களில் கதை வேறு. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்குப் போகும் ஃபைபரின் பெரும்பகுதி மின்கம்பங்களில்தான் ஏறுகிறது. கம்பத்தில் ஓடும் 11 கிலோவோல்ட் கம்பிக்கு உறைமேல் பொறி பறக்க வைக்கும் பலம் கிடையாது. அங்கே பயம், தனியார் இணைய, டிவி கேபிளைத் தாங்க இழுத்துக் கட்டும் ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்ததுபோலக் கம்பங்கள் சாய்ந்து, மின்கம்பி அந்த ஜி.ஐ. கம்பிமேல் விழுந்தால், நாலு தெரு தள்ளி ஜாயின்ட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏணியில் நிற்கும் பையனின் கைக்கு அது வரும். அவனிடம் எல்.சி.யும் இருக்காது, டெஸ்டரும் இருக்காது. உலோகமில்லாத கேபிளுக்கு ஆகும் கூடுதல் செலவைப் பற்றி முனகுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

பரிசோதனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஜாயின்ட் சரியா என்று பார்க்க ஓ.டி.டி.ஆர். கருவியால் ஒளித்துடிப்பு அனுப்புவார்கள். எத்தனையாவது மீட்டரில் எவ்வளவு ஒளி வீணாகிறது என்று அது காட்டிவிடும். ஆனால் அது பார்ப்பது கண்ணாடியை மட்டும். உறை பாதி அரித்துப்போன கேபிளிலும் ஒளி குறையில்லாமல் ஓடும், திரையில் கோடு நேராக இருக்கும். உறையைப் பார்க்க ஆள்தான் ஏற வேண்டும், அல்லது பனி இறங்கும் இரவில் கீழே நின்று பொறி தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். தடம் முழுக்கத் தேட வேண்டியதில்லை. கோபுரத்தை நெருங்க நெருங்க மின்னோட்டம் கூடும் என்பதால், கிளாம்பை ஒட்டிய சில மீட்டர்களில்தான் முதல் கரிக்கோடு விழும்.