ஊருக்குப் போகிறீர்களா? மருந்துப் பையைச் சரிபாருங்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நாக்பூரில் இருக்கும் நம் குடும்பங்களில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம். குலதெய்வத்துக்குப் பொங்கல், தங்கை மகள் கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். டிக்கெட், புடவை, ஆரஞ்சு பர்பி எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்து வைக்கிறோம். சர்க்கரை வியாதிக்கான மருந்தை மட்டும் கடைசி நிமிடத்தில், கையில் கிடைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுப் பெட்டிக்குள் திணித்து விடுகிறோம்.

நான் வைத்தியன் அல்ல. ரயில்வேயில் பொறியாளராக 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவி பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதை எப்படிக் கெடாமல், தொலையாமல் கொண்டு போவது என்பதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

எவ்வளவு எடுத்துக்கொள்வது?

பொதுவான விதி, தேவைக்கு இரண்டு மடங்கு. பனிமூட்ட காலத்தில் வடக்கேயிருந்து வரும் வண்டி பத்து மணி நேரம் தாமதமாவது புதிதல்ல. ஊரில் "இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள்" என்பார்கள். பாட்டில் கை தவறி உடைந்து போகலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் காலையில் 20 யூனிட், இரவில் 10 யூனிட் போடுகிறார். நாளுக்கு 30. பத்து நாள் பயணத்துக்கு 300. இரண்டு மடங்கு என்றால் 600 யூனிட். நம் நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் 10 மில்லி பாட்டிலில் மில்லிக்கு 40 யூனிட் வீதம் மொத்தம் 400 யூனிட் இருக்கும். ஆகவே இரண்டு பாட்டில் வேண்டும். பேனாவில் போடுகிறவர்களுக்கு ஒரு கார்ட்ரிட்ஜில் 300 யூனிட். ஒவ்வொரு முறையும் காற்றுப் போக்க 2 யூனிட் வெளியே விடுவதையும் சேர்த்தால் நாளுக்கு 34, இருபது நாளுக்கு 680. எனவே மூன்று கார்ட்ரிட்ஜ். இதே போல மாத்திரை, ஊசி, சோதனைப் பட்டை எல்லாவற்றுக்கும் ஒரு தாளில் கணக்கு எழுதிவிடுங்கள்.

எடுத்தவற்றை ஒரே பையில் வைக்காதீர்கள். பாதி உங்கள் கைப்பையில், பாதி கூட வருபவரின் கைப்பையில். ரயில்வேயில் முக்கியமான எந்த ஏற்பாட்டையும் ஒன்றை மட்டும் நம்பி விடமாட்டோம். ஒன்று பழுதானால் மற்றொன்று வேலை செய்ய வேண்டும். மருந்துக்கும் அதே முறைதான்.

பெட்டியில் வேண்டாம், கையில் இருக்கட்டும்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பயணம் செய்த பெட்டியில் வயதான ஒருவருக்கு நடு இரவில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. அவருடைய மீட்டரும் குளுகோஸும் கீழ் பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிய பெட்டிக்குள். சாவி அவருடைய மகனிடம். மகன் நான்கு பெட்டிகள் தள்ளி வேறொரு பெர்த்தில். குழந்தைக்காகச் சர்க்கரை வைத்திருந்த ஒரு மராத்தி அம்மாள் உடனே கரைத்துக் கொடுத்ததால் பெரியவர் பிழைத்தார். அந்தப் பெட்டியில் மருந்துக்குக் குறைவே இல்லை. ஆனால் வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டவில்லை.

ஆகவே மீட்டர், அன்றைக்கு வேண்டிய மருந்து, குளுகோஸ், தண்ணீர், பிஸ்கட் ஆகியவை தலைமாட்டில் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று கூட வரும் அனைவருக்கும் தெரிய வேண்டும். மேல் பெர்த்தில் படுக்க வேண்டாம். சர்க்கரை இறங்கிய நேரத்தில் ஏணியில் இறங்குவது ஆபத்து.

விமானத்தில் போகிறவர்களும் இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. அங்கே குளிரில் உறைந்து போகலாம், பெட்டியே வேறு ஊருக்கும் போய்விடலாம். டாக்டர் சீட்டுடன் கைப்பையில் கொண்டு போகலாம்.

சூடும் குளிரும்

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும். திறந்து உபயோகிக்கும் பாட்டில், 30 டிகிரிக்குள் இருந்தால், பெரும்பாலான வகைகளில் நான்கு வாரம் வரை தாங்கும். சரியான நாள் கணக்கு மருந்தோடு வரும் தாளில் இருக்கும். திறந்த தேதியைப் பாட்டிலின் மேல் எழுதி வையுங்கள்.

நாக்பூரிலிருந்து சென்னை சுமார் 1,090 கிலோமீட்டர். வழியில் சந்திரபூர், பல்லார்ஷா, ராமகுண்டம், வாரங்கல் எல்லாம் மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் ஊர்கள். ஏ.சி. பெட்டியில் கவலை குறைவு. ஸ்லீப்பர் வகுப்பில் ஜன்னலோரக் கொக்கியில் வெயில் படும்படி தொங்கும் பைக்குள் இருக்கும் இன்சுலின் வீணாகிவிடும். ஸ்டேஷனுக்கு வெளியே வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்வதும் அப்படித்தான்.

வாயகன்ற ஃபிளாஸ்க் ஒன்று போதும். அதில் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். உள்ளே துடைத்து, ஒரு பாலிதீன் உறையில் ஐஸ் துண்டுகள், அதன் மேல் கனமான துணி மடிப்பு, அதற்கு மேல் வேறு உறையில் இன்சுலின் என்று வையுங்கள். ஐஸ் நேராக மருந்தின் மேல் படவே கூடாது. உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் உதவாது, எறியத்தான் வேண்டும். இதே காரணத்தால் பான்ட்ரி காரில் "கொஞ்சம் ஐஸ் பெட்டியில் வையுங்கள்" என்று கொடுப்பதும் சரியல்ல. அங்கே உறையவும் கூடும், இறங்கும் அவசரத்தில் மறக்கவும் கூடும்.

ஐஸ் கிடைக்காவிட்டால்? பழைய நாட்களில் ரயில் ஜன்னலுக்கு வெளியே கான்வாஸ் தண்ணீர்ப் பை தொங்கியதைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். பையிலிருந்து கசியும் ஈரம் காற்றில் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மண்பானை செய்வதும் இதே வேலை. பாட்டிலை நீர் புகாத உறையில் போட்டு, ஈரத் துணி சுற்றி, நிழலில் காற்றுப் படும்படி வைத்தால் மருந்து வெளிச் சூட்டைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: நம் விதர்பாவின் வறண்ட காற்றில் இந்த முறை அருமையாக வேலை செய்யும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைய இருப்பதால் பலன் குறைவு. அங்கே போனதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், ஆனால் ஃப்ரீசருக்கு அருகில் வேண்டாம்.

தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கினாலும், கலங்கலான வகை உருட்டிய பிறகும் கட்டி கட்டியாக நின்றாலும் போடாதீர்கள். சூட்டில் கெட்ட மருந்து பார்வைக்கு நன்றாகவும் இருக்கலாம். வழக்கமான அளவு போட்டும் காரணமில்லாமல் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால், புதுப் பாட்டிலை எடுங்கள், டாக்டரையும் கேளுங்கள்.

சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

இந்தப் பகுதியைத் தயவு செய்து இரண்டு முறை படியுங்கள். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட் என இரண்டு பலத்திலும் இன்சுலின் விற்கிறது. 40-க்கான சிரிஞ்சில் ஊசியின் மூடி சிவப்பு. 100-க்கானதில் ஆரஞ்சு. ஊரில் மருந்து தீர்ந்து, அவசரத்தில் கடைக்காரர் கொடுத்ததை வாங்கும்போதுதான் இவை மாறிப் போகின்றன.

100 பலமுள்ள மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உடம்பில் இறங்குவது 20 அல்ல, 50 யூனிட். உயிருக்கே ஆபத்து. மாறாக, 40 பலமுள்ள மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் கிடைப்பது 8 யூனிட்தான், சர்க்கரை ஏறிவிடும். பாட்டிலில் எழுதிய எண்ணும் சிரிஞ்சில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சிரிஞ்சையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போவது உத்தமம்.

சர்க்கரை இறங்கினால்

70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாமதிக்கக் கூடாது. மூன்று டீஸ்பூன் குளுகோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் பிஸ்கட்டோ மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ சாப்பிடலாம்.

வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவும். வீட்டுச் சர்க்கரை குடலில் உடைந்து ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்துவதே அந்த மருந்தின் வேலை. ஆகவே அவர்களுக்குச் சர்க்கரையும் மிட்டாயும் உடனே பலன் தராது; குளுகோஸ்தான் வேண்டும். உங்கள் மாத்திரையில் அது இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லி, 139 என்ற ரயில்வே உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பெட்டி எண், பெர்த் எண் இரண்டையும் சொல்ல வேண்டும்.

உணவுக்கு முன் போடும் இன்சுலினைச் சாப்பாடு கண்ணெதிரே வந்த பிறகே போடுங்கள். "அடுத்த ஸ்டேஷனில் சாப்பாடு ஏறும்" என்பதை நம்பி ஊசி போட்டுவிட்டு, வண்டி சிக்னலில் இரண்டு மணி நேரம் நின்றால் யார் என்ன செய்ய முடியும்?

மீட்டர், ஆரஞ்சுப் பழம்

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு விஷயம். ஆரஞ்சு உரித்த விரலில் ரத்தம் எடுத்துச் சோதித்தால், தோலில் ஒட்டிய பழச்சர்க்கரையும் சேர்ந்து மீட்டர் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். அதை நம்பி அதிக இன்சுலின் போட்டால் விபரீதம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு சோதியுங்கள். பட்டைகளை அவற்றின் டப்பாவிலேயே வைத்து மூடியை இறுக்குங்கள். மாற்று பேட்டரியும் ஒன்று வேண்டும். சென்சார் அணிந்து போனில் சர்க்கரை பார்ப்பவர்கள் சாதாரண மீட்டரையும் எடுத்துச் செல்லட்டும். இரவு 11 மணிக்கு மேல் பெட்டியில் சார்ஜ் பாயிண்டுகளை நிறுத்தி வைப்பதுண்டு.

ஊசியை எங்கே போடுவது?

ஒரு பழைய ரயில்வேக்காரனின் வேண்டுகோள் இது. உபயோகித்த ஊசியை ஜன்னல் வழியே எறியாதீர்கள். தண்டவாளத்தில் தினமும் நடந்து வேலை செய்யும் டிராக்மேன்களின் காலில் அது ஏறும். கழிவறையிலும் போடாதீர்கள். இப்போதைய பெட்டிகளில் இருப்பவை பயோ டாய்லெட்; பிளாஸ்டிக்கும் ஊசியும் விழுந்தால் அடைத்துக்கொள்ளும், அதைக் கையால் எடுப்பவரும் ஒரு மனிதர்தான். குப்பைத் தொட்டியும் வேண்டாம். கனமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மூடியோடு கொண்டு போய், ஊசிகளை அதில் சேர்த்து, ஊர் திரும்பியதும் ஆஸ்பத்திரியில் கொடுங்கள்.

கடைசியாகச் சில

டாக்டர் சீட்டின் இரண்டு நகல்கள் வேண்டும். மருந்தின் கம்பெனிப் பெயரோடு இரசாயனப் பெயரையும் எழுதி வாங்குங்கள். இங்கே விற்கும் கம்பெனி மருந்து திருநெல்வேலியில் கிடைக்காமல் போகலாம்; இரசாயனப் பெயர் எங்கும் ஒன்றே. வாந்தி, பேதி வந்தால் எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது என்று கிளம்புமுன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் ஒரு சிறு அட்டை: பெயர், "எனக்குச் சர்க்கரை நோய், மயங்கினால் உதவுங்கள்", வீட்டுப் போன் எண். தமிழில் மட்டும் எழுதினால் பல்லார்ஷாவில் யார் படிப்பார்கள்? இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வாயால் சொல்வதானால் "ஷுகர்" என்ற ஒரு சொல் போதும். மராத்திக்காரருக்கும் தெலுங்கருக்கும் அது புரியும்.

கால் மரத்துப் போகிறவர்கள் கோவிலுக்கு உச்சி வெயிலில் போகாதீர்கள். சுடும் கல்தளத்தில் வெறுங்காலோடு சுற்றினால், கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். காலையிலோ மாலையிலோ தரிசனம் செய்யலாம்.

இவை எல்லாம் சேர்ந்து ஒரு சிறிய கைப்பைக்குள் அடங்கிவிடும். டிக்கெட் எடுத்த அன்றே பட்டியலை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். கிளம்பும் நாளில் வீட்டில் உள்ள வேறொருவர் அதைப் படிக்க, நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். நலமாகப் போய், நலமாகத் திரும்பி வாருங்கள்.