எந்தப் பிள்ளையை எந்த இடத்தில் ஆட விடுவது?

உதைபந்தாட்டத்தில் பதினொரு பேரும் ஒரே பந்துக்காகத்தான் ஆடுகிறார்கள். ஆனால், அவர்களின் உடல் செய்யும் வேலை ஒன்றல்ல. வளர்ந்தோரின் முன்னணி ஆட்டமொன்றில் மத்தியகள வீரர் 11 முதல் 12 கிலோமீற்றர் வரை ஓடுகிறார். நடுப் பின்களத்தில் நிற்பவர் ஓடுவது சுமார் 10 கிலோமீற்றர். கோல் காப்பாளருக்கு 5 அல்லது 6.

தூரம் மட்டுமல்ல, ஓட்டத்தின் தன்மையும் வேறு. மத்தியகள வீரருக்கு நின்று மூச்சு வாங்க நேரமில்லை. தசைகளுக்குத் தளராமல் ஒட்சிசன் கொடுக்கும் இதயமும் நுரையீரலும் வேண்டும். முழு வேகத்தில் அதிகம் பாய்பவர்கள் பக்கவாட்டில் ஆடுபவர்களே. அந்தப் பாய்ச்சல்களில் பெரும்பாலானவை 30 மீற்றருக்குள் முடிந்துவிடுவதால் முதல் சில எட்டுகளே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. நடுப் பின்கள வீரருக்கு எம்பித் தலையால் பந்தை வெல்லும் திறனும் மோதலைத் தாங்கும் பலமும் தேவை. 7.32 மீற்றர் அகலமும் 2.44 மீற்றர் உயரமும் உள்ள கோலைக் காப்பவருக்கோ உயரமும் நொடியில் பாயும் கால்களும் வேண்டும்.

2018 இல் இலங்கையின் வடக்கு கிழக்கு பிரிமியர் லீக் உதைபந்தாட்டத் தொடரில் கிளியூர் கிங்ஸ், முல்லை பீனிக்ஸ், வவுனியா வோரியர்ஸ் அணிகள் ஆடியதைப் பார்த்த வன்னிச் சிறுவர்கள் பலர் இன்று தாங்களே ஆடுகிறார்கள். ஆனால், வளரும் பிள்ளைகளுக்கு வளர்ந்தோரின் இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆண்பிள்ளைகள் மிக விரைவாக உயர்வது சராசரியாக 14 வயதை ஒட்டி. பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டி. சிலருக்கு அது முந்தி வரும், சிலருக்குப் பிந்தி வரும். ஒரே வகுப்பில் படிக்கும் இருவரின் உடல் முதிர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி இருக்கலாம். ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்தவனும் டிசெம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஆடும்போது இந்த இடைவெளி இன்னும் கூடலாம். இன்று உயரமாக நிற்பவன் முந்தி வளர்ந்தவனாக மட்டுமே இருக்கக்கூடும்.

குரோஷியாவின் மத்தியகள வீரர் லூக்கா மோட்ரிச் போரில் வீடிழந்து, இடம்பெயர்ந்தோர் தங்கிய விடுதியில் வளர்ந்தவர். உடல் சிறிதென்று ஹைடுக் ஸ்பிலிட் கழகம் அவரைச் சேர்க்கவில்லை. அதே மோட்ரிச் 2018 இல் தங்கப் பந்து விருதை வென்றார்.

ஆகவே கண்மதிப்பை நம்பாமல் அளந்து பார்ப்பதே நல்லது. அதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. அளவுநாடாவும் நிறுத்தற் கடிகாரமும் இருந்தால் 10 மீற்றர், 30 மீற்றர் ஓட்டங்களை அளக்கலாம். சுவரில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, எம்பும் உயரத்தைப் பார்க்கலாம். தாங்குதிறனுக்கு யோ-யோ சோதனை இருக்கிறது: ஒலிக்கேற்ப 20 மீற்றர் போய்த் திரும்பி, 10 செக்கன் ஆறி, மேலும் மேலும் வேகமாக ஓட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தையும் குறித்துவந்தால் யார் வளர்ச்சியின் உச்சத்தில் இருக்கிறார் என்பது தெரியும். அந்த மாதங்களில் முழங்கால் நோவு வருவது வழக்கம். பயிற்சிச் சுமையைக் குறைக்க வேண்டும்.

பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஒரே இடத்தில் கட்டிப்போடாதீர்கள். ஒரு பருவம் பின்களம், ஒரு பருவம் மத்தியகளம் என்று மாறி மாறி ஆடவிடுங்கள். வளர்ச்சி முடிந்த பிறகு இடத்தைத் தீர்மானிக்கலாம். சின்ன உடம்பென்று இன்று வாங்கில் இருத்தி வைக்கும் பிள்ளைக்கும் மைதானத்தில் நிமிடங்கள் கொடுப்பது பயிற்றுவிப்பாளரின் கடமை.