பாத்திரமும் அபாத்திரமும்: திருவிருந்து ஒழுங்கின் ஒரு சொல்லைக் குறித்து

திருவிருந்து வழிபாட்டின் சொற்களைப்பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் இரண்டு இடங்களையே சுற்றிவருகின்றன. அப்பத்தையும் இரசத்தையும் குறித்து ஆண்டவர் உரைத்த நிறுவல் மொழிகள் ஒன்று. தூய ஆவியாரை வேண்டிக்கொள்ளும் மன்றாட்டு மற்றொன்று. இவ்விரண்டையும் நம் மாணவர் தேர்வுக்கு வேண்டிய அளவு கற்றே இருக்கின்றனர். ஆனால் தர்மபுரி மாவட்டத்துச் சிற்றூர்ச் சபைகளில் ஊழியஞ்செய்யும் ஆயரைக் கேட்டால், மக்களைப் பந்தியண்டை வரவொட்டாமல் தடுக்கிற சொல் இவ்விரண்டிலும் இல்லை என்பார். அச்சொல் ‘அபாத்திரம்’ என்பதாகும்.

திருவிருந்து ஞாயிறுகளில் பிரசங்கம் முடிந்தவுடன் எழுந்து வெளியே செல்வோரை நாம் அறிவோம். அவர்களுள் அலட்சியமுள்ளோர் சிலரே. வட்டிக்கடன் தீராதவர், மகன் குடித்துத் திரிவதால் தலைகுனிந்தவர், அண்டை வீட்டாரோடு வரப்புச் சண்டையில் இருப்பவர், மாதவிலக்கான பெண்கள் எனப் பலரும் அக்கூட்டத்தில் உண்டு. ஏன் வரவில்லை என்று வினவினால், ‘நான் அபாத்திரமாயிருக்கிறேன், ஐயா’ என்பதே விடை. பவுலடியார் இவ்வகை மக்களை நினைத்தா எழுதினார் என்பதே நாம் ஆராயவேண்டிய கேள்வி.

நம் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுவது, 1871-இல் முழு வேதாகமமாக வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பு. அதில் 1 கொரிந்தியர் 11:27-ஐக் கூர்ந்து நோக்குவோர் ஒரு விந்தையைக் காண்பர். ‘அபாத்திரமாய்’ என்னும் சொல்லும், ஆண்டவருடைய ‘பாத்திரம்’ என்னும் சொல்லும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. கிரேக்கத்தில் இவ்விரண்டுக்கும் ஒலியாலும் வேராலும் யாதொரு தொடர்புமில்லை. கிண்ணத்தைக் குறிப்பது ‘பொத்தேரியோன்’, மற்றது ‘அனாக்ஸியோஸ்’. வடமொழிவழி வந்த ‘பாத்திரம்’ என்பதற்கோ கலம் என்றும் பொருளுண்டு, கொடையைப் பெறத் தக்க ஆள் என்றும் பொருளுண்டு. ஆகவே தமிழ்ச் செவிக்கு அவ்வசனம், பாத்திரத்திலிருந்து பருக ஒருவன் தானே பாத்திரமாயிருக்க வேண்டும் என்று ஒலிக்கிறது. மொழிபெயர்த்தோர் இதனை எண்ணிச் செய்தனர் என்று சொல்வதற்கில்லை. இரண்டும் அக்காலத்து வழக்குச் சொற்களே. எனினும் சொற்கள் தம்மோடு தம் சுற்றத்தாரையும் அழைத்துவரும் இயல்புடையவை. ‘பாத்திரமறிந்து பிச்சையிடு, கோத்திரமறிந்து பெண்ணைக் கொடு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பாத்திரம் என்றவுடனே கோத்திரம் நினைவுக்கு வருகிற ஒரு சமுதாயத்தில் இச்சொல் பந்தியின் வாசலில் நிறுத்தப்பட்டது.

பவுல் எழுதிய ‘அனாக்ஸியோஸ்’ ஒரு வினையெச்ச அடை. உண்ணும் முறையைக் குறிப்பதேயன்றி உண்பவனுடைய தகுதியைக் குறிப்பதன்று. எந்த முறை தகாதது என்பதையும் அவர் மறைத்துவைக்கவில்லை. 17-ஆம் வசனத்திலிருந்தே அதனைச் சொல்லிக்கொண்டு வருகிறார். கொரிந்துவில் வசதியுள்ளோர் முந்திக்கொண்டு தங்கள் உணவை உண்டனர். பிந்தி வந்தோர் பசியோடிருந்தனர். வீடும் பொருளும் இல்லாதோர் ஆண்டவருடைய பந்தியிலேயே வெட்கப்படுத்தப்பட்டனர். இதுவே தகாத விதம். ‘சரீரத்தை நிதானித்தறியாமை’ என்று 29-ஆம் வசனம் கூறுவதும், பத்தாம் அதிகாரத்தின் ஒரே அப்பம், ஒரே சரீரம் என்னும் கருத்தோடும், பன்னிரண்டாம் அதிகாரத்தின் உறுப்புகளின் உவமையோடும் சேர்த்துப் படிக்கத்தக்கது. அப்பத்தில் ஆண்டவரைக் காணாத குற்றம் மட்டுமன்று, அருகிலிருக்கும் சகோதரனில் அவருடைய சரீரத்தைக் காணாத குற்றமும் இங்கே சுட்டப்படுகிறது என்றே நாம் கொள்கிறோம்.

மாணவர் கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு செய்திகள் உள்ளன. பவர் மொழிபெயர்ப்பு 29-ஆம் வசனத்திலும் ‘அபாத்திரமாய்’ என்பதைத் திரும்பச் சொல்கிறது. ஆனால் ஏறத்தாழ கி.பி. 200-ஐச் சேர்ந்த 46-ஆம் பப்பிரசுச் சுவடியிலும், நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான் சுவடியிலும், சீனாய் சுவடியின் முதல் எழுத்திலும் அச்சொல் அவ்விடத்தில் இல்லை. 27-ஆம் வசனத்திலிருந்து பிற்காலத்து எழுத்தர் அதனை இங்கே கொண்டுவந்திருக்க வேண்டும். அடுத்தது, அதே வசனத்தின் ‘ஆக்கினைத்தீர்ப்பு’. மூலத்தில் உள்ள ‘கிரிமா’ தீர்ப்பு என்னும் அளவில் நிற்பது. 32-ஆம் வசனத்தில் பவுல், நியாயந்தீர்க்கப்பட்டுச் சிட்சிக்கப்படுதல் வேறு, உலகத்தோடு ஆக்கினைக்குள்ளாதல் வேறு என்று பிரித்துக்காட்டுகிறார். முன்னது பின்னதைத் தவிர்ப்பதற்கே என்கிறார். 29-இல் இரண்டும் ஒரே தொகைச்சொல்லாய் இணைந்துவிட்டமையால், தந்தையின் பிரம்பு தூக்குமேடையாகத் தோன்றுகிறது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இதே கடுமை இருந்தது. பிற்காலத் திருத்தங்கள் அதனைத் தணித்துள்ளன.

பந்தியைவிட்டு விலகி நிற்போர் ‘நான் பாத்திரன் அல்ல’ என்று சொல்லும்போது, வேதாகமத்தில் அப்படிச் சொன்ன இருவரை நாம் அவர்களுக்கு நினைப்பூட்டலாம். ஒருவன் நூற்றுக்கு அதிபதி. இன்னொருவன் லூக்கா 15-இன் இளைய குமாரன். மத்தேயு 8:8-இல் அதிபதி கூறும் கிரேக்கச் சொல் வேறு, குமாரன் கூறும் சொல் வேறு. தமிழில் இருவர் வாயிலும் ‘பாத்திரன் அல்ல’ என்றே வருகிறது. இவ்வொற்றுமை நமக்கு நன்மையே. அதிபதியின் விசுவாசத்தை ஆண்டவர் வியந்தார். குமாரனுக்கோ தகப்பன் அவன் சொல்லை முடிக்கவும் விடாமல் விருந்து வைத்தான். தகுதியின்மையை அறிக்கையிடுதல் பந்திக்கு வருவோரின் மொழியே. பந்தியைவிட்டுப் போவோரின் மொழியன்று.

இனி, எச்சரிக்கைச் சொற்கள் வழிபாட்டு ஒழுங்கினுள் புகுந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ‘திதாகே’ என்னும் பண்டைய நூல், பிணங்கியிருக்கும் இருவர் ஒப்புரவாகும்வரை கூடுகையிற் சேரலாகாது என்கிறது. ஆதி எச்சரிக்கை சகோதர உறவைப்பற்றியதாயிருந்ததைக் கவனிக்க. இடைக்காலத்தில் அச்சம் பெருகி, மக்கள் உட்கொள்ளுதலை ஏறக்குறைய விட்டுவிட்டனர். 1215-இன் இலாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது உட்கொள்ளவேண்டும் என்று சட்டமியற்ற வேண்டியதாயிற்று. 1548-இல் கிரான்மர், இலத்தீன் பூசையின் நடுவே மக்களுக்கென ஆங்கிலச் சொற்களைச் சேர்த்தார். கீழே விழும் துணிக்கைகளுக்கும் தகுதியற்றோம் என்று மக்கள் தங்களைத் தாழ்த்தும் மன்றாட்டு அப்போது தோன்றியது. சீரோபேனிக்கியப் பெண்ணின் சொல்லை அது அடியொற்றியது. அதன் அழகு, தகுதியின்மையை ஒப்புக்கொண்ட அடுத்த மூச்சிலேயே ஆண்டவருடைய இரக்கத்தின்மேல் சாய்ந்துகொள்வதில் இருக்கிறது.

அவரே எழுதிய அறிவுரைகளோ வேறு தொனியுடையவை. தகாவிதமாய் உட்கொள்வோர்மேல் நோய்களும் பலவித மரணங்களும் வரும் என்ற எச்சரிப்பு 1662-இன் ஜெபப்புத்தகத்திலும் நிலைத்தது. மக்கள் வராதிருப்பதைக் கண்டு 1552-இல் மற்றோர் அறிவுரை சேர்க்கப்பட்டது. அது வராதோரைக் கடிந்துகொள்கிறது. ஒரே புத்தகம் ஒரு பக்கத்தில் மிரட்டி, மறுபக்கத்தில் ஏன் வரவில்லை என்று கேட்கிறது! ஸ்காத்லாந்தியர் பந்திக்கு ‘வேலியிட்டனர்’. தேர்வு பெற்றோருக்கு உலோக வில்லைகளைக் கொடுத்து, அவற்றைக் காட்டினோரையே அமரவிட்டனர்.

அப்பத்தைக் கொடுக்கையில் சொல்லும் சொற்களும் மாறின. 1549-இல் ஆண்டவருடைய சரீரம் உன்னைக் காப்பதாக என்னும் கருத்தில் அமைந்தவை, 1552-இல் நினைவுகூர்ந்து உண்பாயாக என்றாயின. 1559-இல் இரண்டும் ஒட்டிவைக்கப்பட்டன. இங்கே ஒரு சிறு குறிப்பு. ஆங்கிலத்தில் இவை ஒருமை. தமிழில் ‘உனக்காக’ என்றால் பெரியவர்களுக்கு மரியாதைக்குறைவு என்று ‘உங்களுக்காக’ என மாற்றிச் சொல்வாருண்டு. ஊர்க்கவுண்டரும் பண்ணையாளும் அடுத்தடுத்து முழந்தாளிடும்போது, ஒருவருக்குப் பன்மையும் மற்றவருக்கு ஒருமையும் வாயில் வந்துவிடாதபடி ஆயர் காத்துக்கொள்ள வேண்டும். எதைத் தெரிந்துகொண்டாலும் எல்லார்க்கும் ஒன்றாயிருக்கட்டும்.

ரோட்லர் 1819-இல் தமிழாக்கிய ஜெபப்புத்தகம் ஆங்கிலிக்கன் சபைகளுக்கு உரியது. நம் பகுதிக்கு வந்த வழி வேறு. தர்மபுரி 1965-இல் தனி மாவட்டமாகும்வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்தது. சேலத்தில் 1827 முதல் பணிசெய்தது இலண்டன் மிஷனரி சங்கம். அச்சங்கத்தின் சபை மரபில் கட்டாயமான வழிபாட்டு நூல் இல்லை. பவுலின் வசனங்களை வாசித்து, ஊழியர் தம் சொந்தச் சொற்களால் ஜெபித்து, அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பதே வழக்கு. ஆகையால் ஜெபப்புத்தகத்தின் அறிவுரைகள் எட்டாத இடங்களிலும், கொரிந்தியர் பதினொன்றாம் அதிகாரமே ஒழுங்குமுறையாக விளங்கிற்று. அதையும் பெரும்பாலும் 23-ஆம் வசனத்திலிருந்தே வாசித்தனர். பசித்தவனும் வெறித்தவனும் விடுபட்டுப்போக, அபாத்திரமும் ஆக்கினையும் மட்டும் செவியில் தங்கின.

இச்சொல் தமிழ்நாட்டில் சாதியோடு எவ்வாறு மோதியது என்பதும் வரலாற்றில் உள்ளதே. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் விடுத்த சுற்றறிக்கை, ஆலயத்தில் அமர்வதிலும் திருவிருந்திலும் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்றது. வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டே விலகினர். 1850-இல் சென்னை மிஷனரிகளின் மாநாடு, சேர்ந்து உண்ண இசைவதையே சோதனையாக வைத்தது. கலத்தைப் பகிர்வதிலேயே பாத்திரம் எது, அபாத்திரம் எது என்பது வெளிப்பட்டது. நம் மாவட்டத்துக்கு இது பழங்கதையன்று. தேநீர்க்கடைகளின் இரட்டைக் குவளை முறையை நம்மில் மூத்தோர் நேரில் கண்டவர்கள். 2012 நவம்பரில் நத்தம் காலனி முதலிய குடியிருப்புகள் எரிக்கப்பட்டதை நாடே அறியும். 2024 பெப்ருவரியில் இம்மாவட்டத்தில், வயல் வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்கச்சியில் தேநீர் ஊற்றிக்கொடுத்த வழக்கில் இருவர் கைதுசெய்யப்பட்டனர். பிறந்த நாள்முதல் ஊராரால் ‘நீ அபாத்திரம்’ என்று கலத்தாலேயே சொல்லப்பட்டவர், ஞாயிறன்று ஆலயத்திலும் அதே சொல்லைக் கேட்டால் எப்பொருளில் கேட்பார்? கொட்டாங்கச்சியை நீட்டிய கையையே பவுல் கண்டிக்கிறார்; அதை வாங்கிய கையோ தன்னைத்தான் கண்டிக்கிறார் என்று எண்ணிப் பின்வாங்குகிறது. பொருள் இவ்வாறு தலைகீழாய்ப் போயிற்று.

1947 செப்டெம்பர் 27-இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கு, இதற்கு ஒரு மருந்தைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பது நம் துணிபு. நெடிய எச்சரிக்கையுரையைப் பந்தியின் வாசலில் நிறுத்தாமல், காணிக்கைக்கு முன் சமாதானத்தை அது வைத்தது. மலபாரின் சீரிய வழிபாட்டிலிருந்து பெற்ற முறை அது. குருவானவரிடமிருந்து தொடங்கி, ஒருவர் உள்ளங்கையோடு மற்றவர் உள்ளங்கை சேர, ஒருவர் கையை மற்றவர் கை மூட, அது சபை முழுவதும் செல்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தண்டை விட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற ஆண்டவருடைய கட்டளைக்கு இது உரிய இடம். தீண்டாமை உள்ள நாட்டில் தொட்டுக் கொடுக்கப்படும் சமாதானமே சரீரத்தை நிதானித்தறிதலாகும். 1963, 1972, 2006 ஆகிய ஆண்டுகளின் பதிப்புகளில் மொழி புதுப்பிக்கப்பட்டாலும் சமாதானம் நீங்கவில்லை. ஆனால் நடைமுறையில் அது தேய்ந்துவருகிறது. இருந்த இடத்திலிருந்தே கைகூப்பித் திரும்பிக்கொள்வதைப் பல ஆலயங்களில் காண்கிறோம். கும்பிடு மரியாதைக்குரியதுதான், ஆயினும் தொடாமலே செய்யக்கூடியது.

1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பாத்திரத்தைக் ‘கிண்ணம்’ என்றது. அதனால் அந்தச் சொல்மயக்கம் நீங்கிற்று. எனினும் ‘தகுதி’ என்னும் சொல்லும் ஆளின்மேல் சாயக்கூடியதே. ‘தகாத விதமாய்’ என்று சொல்வது மூலத்துக்கு நெருக்கமானது என்பது நம் கருத்து. இவ்வாறு மாற்றினால் சபை ஒழுங்கு தளர்ந்துபோகும் என்று மூப்பர் சிலர் அஞ்சுவர். பகிரங்கப் பாவத்தில் நிலைத்திருப்போரைச் சபை விலக்கும் முறையைப் பவுல் ஐந்தாம் அதிகாரத்தில் தனியே கூறியிருக்கிறார். அது சபை கூடித் தீர்மானிப்பது. பதினொன்றாம் அதிகாரத்திலோ தன்னைத்தான் சோதித்தறிந்து உண்ணாதிருக்கக்கடவன் என்று அவர் எழுதவில்லை. சோதித்து, அவ்வாறே உண்ணும்படி கட்டளையிடுகிறார்.

ஆகவே வாசிப்பை 17-ஆம் வசனத்தில் தொடங்கி 34 வரை கொண்டுசெல்லுமாறு ஆயர்களையும் பயிற்சி மாணவர்களையும் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே. 33-ஆம் வசனத்தில் பவுல் சொல்லும் தீர்வு, ஒருவருக்காக ஒருவர் காத்திருத்தல். பென்னாகரம், அரூர்ப் பக்கத்து ஊர்களில் முதல் பேருந்தைத் தவறவிட்டோரும், ஞாயிறு காலையிலும் மாட்டுக்குத் தீனிவைத்துவிட்டு ஓடிவருவோரும் பிரசங்கத்தின் நடுவில்தான் வந்து சேர்கின்றனர். அவர்கள் கடைசி வரிசையில் அமர்ந்து மூச்சு வாங்கும்வரை, பந்தியைத் தொடங்காதிருக்கலாம்.