தேர்வு இருக்கிறது, வகுப்பு எங்கே?

கூடலூர் வட்டத்தில், முதுமலைக் காட்டை ஒட்டியிருக்கிறது ஸ்ரீமதுரை ஊராட்சி. பள்ளத்தில் நெல்வயல், மேட்டில் தேயிலை. வயநாட்டுச் செட்டிகளும் பணியரும் காட்டுநாயக்கரும் தலைமுறைகளாக வாழும் மண் இது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் கூடலூர் வட்டாரத்தில் நிறைய உண்டு. இங்கே ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கொழுந்து பறிக்கப் போன ஒருவர், முப்பத்தைந்து வயதில் பத்தாம் வகுப்புத் தேற நினைத்தால் முடியுமா? விதிப்படி முடியும். ‘தனித்தேர்வர்’ என்ற பெயரில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நெடுங்காலமாக அந்த வாய்ப்பைத் தந்து வருகிறது. குறையும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது: அவர் தனியாகவே படிக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்குத் தேர்வு வைக்கும் அரசு, அவர்களுக்கு வகுப்பும் வைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தனித்தேர்வர் கடக்க வேண்டிய தூரத்தைப் பாருங்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர் முதலில் அதற்கான தனித்தேர்வில் தேற வேண்டும். பிறகு தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 35 மதிப்பெண். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. அதற்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கப்படும் பள்ளியில் நடக்கும் பயிற்சி வகுப்புக்கு 80 சதவீத நாட்களாவது போயிருக்க வேண்டும். விண்ணப்பிக்க சேவை மையத்துக்கு ஒரு நடை, நுழைவுச்சீட்டு, தேர்வு மையம் என்று அலைச்சல் வேறு. நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. இத்தனையையும் சமாளித்தாலும், புரியாத கணக்கைக் கேட்டுத் தெளிய ஆள் இல்லை. பாதியில் விடுபவரைப் பார்த்து ‘அக்கறை இல்லை’ என்று சொல்வது நியாயமல்ல.

‘வயதானவருக்கு மண்டையில் ஏறாது’ என்ற பேச்சும் உண்டு. பத்தாம் வகுப்புக் கணக்கில் நேர் மாறுபாடு, எதிர் மாறுபாடு என்று ஒரு பகுதி வருகிறது. பத்துப் பேர் நான்கு நாளில் பறிக்கும் தோட்டத்தை எட்டுப் பேர் பறிக்க எத்தனை நாள் ஆகும் என்று ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கேளுங்கள். ஐந்து நாள் என்று கூடையை இறக்காமலே சொல்லுவார். அதுதான் எதிர் மாறுபாடு. அதற்கு அட்டவணை போடவும், கட்டம் போட்ட தாளில் அளவுத்திட்டம் எழுதி, புள்ளிகளைக் குறித்து, வளைகோட்டை இழுக்கவும் அவருக்குத் தெரியாது. வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். அந்த எட்டுக்கு வேண்டிய அறிவு அவரிடம் இருக்கிறது. அதைத் தாளில் இறக்கக் கற்றுத்தர ஓர் ஆசிரியரும் சில ஞாயிற்றுக்கிழமைகளும்தான் தேவை.

இது நடக்காத காரியமல்ல. பாட்டவயல் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் வயநாடு. 1991-இல் முழு எழுத்தறிவை அறிவித்த கேரளம் அத்தோடு நிற்கவில்லை. அதன் எழுத்தறிவு இயக்கம் நான்கு, ஏழு, பத்து, மேல்நிலை என ஒவ்வொரு படிக்கும் சமநிலைப் படிப்பை நடத்துகிறது. பத்தாம் வகுப்புச் சமநிலைக்கு 17 வயது நிறைந்தால் போதும். விடுமுறை நாட்களில் பள்ளிக்கூடங்களிலேயே வகுப்பு. கொல்லத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மா 105 வயதில் நான்காம் வகுப்புச் சமநிலைத் தேர்வை எழுதி, 275-க்கு 205 மதிப்பெண் பெற்றார். அவருடைய உறுதி பெரிது. அந்த உறுதிக்குத் துணையாக ஓர் ஏற்பாடு இருந்ததும் அதே அளவு முக்கியம். நம் மாநிலத்தில் வயது வந்தோர் கல்வி பெரும்பாலும் கையெழுத்துப் போடுவதோடும் எழுத்துக் கூட்டிப் படிப்பதோடும் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கட்டே இல்லை.

மறுப்புகள் வரும். 1989 முதல் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறதே என்பார்கள். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதிவுக்கு இணையத்தை நம்பும் நிலையில், சிக்னல் வந்து போகும் காட்டோரத்தில் அது மட்டும் போதாது. தரம் குறையும் என்பார்கள். கேள்வித்தாளை எளிதாக்கச் சொல்லவில்லை. அதே தாள், அதே 35, கூடவே ஒரு வகுப்பு. நாற்பது வயதில் சான்றிதழ் எதற்கு என்பது கனமான கேள்வி. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு குரூப் 4 அரசுப் பணி முதல் பல வாசல்கள் திறக்கின்றன என்றாலும், சிலருக்கு அதற்கான வயது கடந்திருக்கும். ஆனால் கூடலூரில் வாழ்வே காகிதத்தில் தொங்குகிறது. 1969-இன் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம், 2006-இன் வன உரிமைச் சட்டம், கிராமசபைத் தீர்மானம் என எல்லாமே எழுத்து. தன் நிலத்தைப் பற்றிய தாளைத் தானே படித்துக் கேள்வி கேட்பவரை யாரும் எளிதில் ஏய்க்க முடியாது.

அமெரிக்காவில் பள்ளிச் சமநிலைத் தேர்வு 1942-இல், படிப்பு பாதியில் நின்ற போர்வீரர்களுக்காகத் தொடங்கியது. நாடு அவர்களுடைய இளமையை எடுத்துக்கொண்டது, அதற்கு ஈடாக வழி செய்தது. தேயிலைக்கும் வயலுக்கும் இளமையைக் கொடுத்தவர்களுக்கும் நம் அரசு அதே போலக் கடன்பட்டிருக்கிறது. 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2009-இல்தான் வந்தது. இன்று நாற்பதைத் தொடுபவர்களுக்கு அது காலம் கடந்து வந்த சட்டம். அவர்களுக்கு வேண்டியது பெரிய செலவல்ல. ஊராட்சிக்கு ஒரு வகுப்பறை, நாட்கூலிக்கு இழப்பில்லாத ஞாயிறு அட்டவணை, செய்முறைப் பயிற்சி அருகிலேயே. பொழுது சாய்ந்தால் யானை இறங்கும் ஊரில் மாலை வகுப்பு ஆகாது. பகல் வகுப்பே சரி. அறுவடை முடிந்து, பச்சைத் தேயிலை வரத்தும் குறையும் ஜனவரி முதல் மார்ச் வரை கூடுதல் வகுப்பு நடத்தலாம். ஊரின் வேலைக்காலத்தை அறிந்து அட்டவணை போட்டால், அடுத்த தேர்வுக்கு ஸ்ரீமதுரையிலிருந்து போகிறவர்கள் தனியாகப் போக வேண்டியிராது.