ஈய வண்ணப்பூச்சும் பழைய வீடுகளைப் புதுப்பித்தலும்

ஈய வண்ணப்பூச்சு என்பது ஈயச் சேர்மங்கள் கலந்து தயாரிக்கப்பட்ட பெயிண்ட் ஆகும். நிறம் அழுத்தமாக அமையவும், விரைவில் உலரவும், ஈரத்தைத் தாங்கவும் ஈயம் சேர்க்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் வீடுகளுக்கு இதைப் பயன்படுத்துவது 1978ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. எனினும் அதற்கு முன் கட்டப்பட்ட பல வீடுகளில் புதிய பூச்சுகளுக்கு அடியில் அது இன்றும் உள்ளது.

தீங்கு நேரும் விதம்

சுவரில் உரியாமல் இருக்கும் பூச்சினால் பொதுவாக உடனடித் தீங்கு இல்லை. அதைச் சுரண்டும்போதும், தேய்க்கும்போதும், சன்னலைப் பெயர்க்கும்போதும் எழும் தூசியே ஆபத்தானது. தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும்போது அத்தூசி உடலுக்குள் செல்கிறது. விழுங்கிய ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை கூடுதலாக உறிஞ்சுகிறது.

ஈயம் உடலில் கால்சியத்தைப் போல நடந்து எலும்பில் தங்குகிறது. மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. கற்றல் திறனும் கவனமும் குறைகின்றன. தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறி எதுவும் தெரியாது. ஏற்பட்ட மூளைப் பாதிப்பு மீளாமலும் போகலாம். பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை. எனவே வருமுன் காப்பதே வழி.

ஒப்பந்ததாரரின் பொறுப்பு

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் வெளியிட்ட விதி, 2010 ஏப்ரல் 22 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 1978க்கு முந்தைய வீடுகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் கூலி பெற்று வேலை செய்வோரை அது கட்டுப்படுத்துகிறது. முக்கியக் கடமைகள்:

• நிறுவனம் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் பணியை வழிநடத்த வேண்டும்.
• வேலை தொடங்குமுன் ஈய ஆபத்தை விளக்கும் கையேட்டை வீட்டாருக்குத் தர வேண்டும்.
• எச்சரிக்கைப் பலகை வைத்து, தரையைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடித் தூசி பரவாமல் தடுக்க வேண்டும்.
• தீச்சுடரால் பூச்சை எரித்து அகற்றக் கூடாது. நுண்துகள் வடிகட்டி இல்லாத இயந்திரத்தால் தேய்க்கக் கூடாது.
• முடிவில் சுத்தம் செய்து, ஈரத்துணியால் துடைத்துச் சரிபார்க்க வேண்டும். ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

அறைக்குள் 6 சதுர அடிக்கும், வெளிப்புறம் 20 சதுர அடிக்கும் மிகாத சிறு வேலைகளுக்கு விலக்கு உண்டு. சன்னல் மாற்றுவதற்கு இவ்விலக்கு இல்லை. தாம் குடியிருக்கும் வீட்டில் தாமே வேலை செய்யும் உரிமையாளரையும் விதி கட்டுப்படுத்தாது. ஆனால் தூசிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

பணியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டால் பொறுப்பு நீங்கிவிடாது. ஹோம் டிப்போ நிறுவனம் சான்றிதழ் இல்லாத ஒப்பந்ததாரர்களை அனுப்பியது தொடர்பான வழக்கில், 2020இல் 2.075 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது.

இந்தியாவில்

வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இது புதிய பெயிண்டுக்கானது. பழைய கதவிலும் சன்னல் கம்பியிலும் முன்பே அடித்த எனாமல் பூச்சை இது அகற்றிவிடாது. அவற்றை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பதும், குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் வேறிடத்தில் தங்கச் செய்வதும், தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும் நலம். பெயிண்டரும் வேலை உடையோடு வீட்டுக்குச் சென்று தம் பிள்ளையைத் தூக்கக் கூடாது.