தேர், தர்கா, நீதிமன்றம்: பினாங்கில் சமயத்தைக் கதையாக்கல்

சமயத்தையும் வாழ்வையும் பொருளாகக் கொண்டு கதை எழுத முனையும் ஓர் இளம் தமிழ் எழுத்தாளருக்குப் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் முதலில் குறுக்கே நிற்பது, அந்நகரைப் பற்றி ஊரெங்கும் வழங்கும் புகழ்மொழியே. மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையிலும் அதை ஒட்டியும் 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், சீனரின் குவான் இன் கோயிலும், 1833இல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோயிலும், காதர் முகைதீன் என்னும் தமிழ் முஸ்லிம் தலைவர் 1801இல் நிறுவிய பள்ளிவாசலும் அருகருகே அமைந்திருப்பதால் அது நல்லிணக்கத் தெரு எனப் போற்றப்படுகிறது. 2008இல் நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபின் இப்புகழ் மேலும் பெருகியது. அது பொய்யன்று, ஆயினும் யாரும் எதையும் இழக்க வேண்டாத இடத்தில் கதைக்கு வேலையில்லை. ஒருவர் தம் நம்பிக்கைக்காகப் பணத்தையோ உறவையோ கைவிட நேரும் இடங்களைத் தேடுவதே எழுத்தாளரின் பணி.

இத்தேடலுக்கு முன்னோடிகள் உண்டு. நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கிலிருந்து 'வித்தியா விசாரிணி' என்ற இதழை நடத்தினார். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ரெ. கார்த்திகேசு தம் 'அந்திம காலம்' நாவலில் புற்றுநோயோடு மரணத்தை எதிர்நோக்கும் ஒரு முதியவரின் மனத்தை எழுதினார். ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பினாங்கு வட்டிக்கடை உலகைக் காட்டியது. இம்மூவரில் இன்றைய எழுத்தாளர் சிங்காரத்திடமிருந்தே மிகுதியாகக் கற்கலாம். ஏனெனில் பினாங்கில் கடவுளை நெருங்கும் வழிகளுள் ஒன்று கணக்கேட்டின் வழியாகச் செல்கிறது.

வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார், தம் தொழிலோடு கோயிலையும் சேர்த்தே நடத்தினர். கிட்டங்கி என்பது பல செட்டியார்கள் ஒரே கூரையின்கீழ்த் தத்தம் பெட்டியடிகளை வைத்துக் கடை நடத்திய நீண்ட கட்டடம். மகமை என்பது வருவாயில் கோயிலுக்கென எடுத்து வைக்கப்பட்ட பங்கு. அவ்வாறு சேர்ந்த கோயில் பணமும் வட்டிக்கு விடப்பட்டதால், முருகனும் ஒரு முதலாளியாகவே ஏட்டில் இடம்பெற்றார். பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்குத் தைப்பூசத்தின்போது செல்லும் வெள்ளி ரதம் 1894 முதல் ஓடுகிறது. ஜப்பானியர் ஆட்சிக்குப்பின் வட்டித்தொழில் தளர்ந்து, கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பின்னும் ரதம் நிற்கவில்லை. மகமை கொடுத்தவர்கள் கடனில் மூழ்கி ஊர் திரும்பிய பிறகும் சாமியின் கணக்கு மட்டும் எவ்வாறு நிலுவையின்றி நின்றது என்ற கேள்வியில் ஒரு முழு நாவலே அடங்கியிருக்கிறது.

அதே திருவிழாவில் இன்று இரண்டு ரதங்கள் ஓடுகின்றன. 513 படிகளுக்கு மேலே அமைந்து, 2012இல் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்ட பாலதண்டாயுதபாணி கோயிலின் சார்பில் 2017 முதல் தங்க ரதமும் வருகிறது. அக்கோயில் இந்து அறப்பணி வாரியத்தின் மேற்பார்வையில் இருப்பது, வெள்ளி ரதம் நகரத்தாருடையது. தாத்தா வெள்ளி ரதத்தோடு நடந்தவர், பேரன் தங்க ரதத்துக்குத் தொண்டன் என்று ஒரே வீட்டில் அமைந்தால், முருகன்மேல் இருவருக்கும் உள்ள அன்பில் குறைவின்றியே, கோயில் யாருடையது என்ற வழக்கு அவர்கள் உணவு மேசைக்கு வந்துவிடும். வழியெங்கும் தேங்காய்களைக் குவித்து உடைக்கும் சீனர்களை வேடிக்கைக் காட்சியாக மட்டும் வரைவது சோம்பேறி எழுத்தாகும். அவர்களுள் ஒருவர் என்ன நேர்ந்துகொண்டார் என்று கேட்கும் கதையே பயன் தரும்.

சூலியா தெருவிலுள்ள நாகூர் தர்கா வேறொரு வகைப் பொருளைத் தருகிறது. தர்கா என்பது பொதுவாக இறைநேசர் ஒருவர் அடங்கிய இடம். ஆனால் 16ஆம் நூற்றாண்டினரான சாகுல் ஹமீது ஆண்டகையின் உடல் நாகூரில்தான் உள்ளது. கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய நினைவிடமே பினாங்கு தர்கா. கப்பலேறியவர்களைக் காப்பவர் என்று நம்பப்பட்டவருக்குக் கப்பலிறங்கியவர்கள் செய்த நன்றி அது. கந்தூரி எனப்படும் ஆண்டு நினைவுவிழாவையும் நேர்த்திக்கடனையும் மார்க்கத்துக்குப் புறம்பானவை எனக் கருதும் சீர்திருத்தக் குரல்கள் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குள்ளும் ஒலிப்பதால், தாய் விளக்கேற்றும் இடத்துக்கு மகன் வர மறுக்கும் ஒரு சிறுகதை இங்கே இயல்பாக அமையும்; இருவரில் யாரையும் மூடராக்காமல் எழுதுவதே அதில் கடினம்.

எல்லாவற்றிலும் கூர்மையான பொருள் சட்டத்தில் உள்ளது. மலேசியாவில் முஸ்லிம்களின் குடும்ப வழக்குகள் இஸ்லாமிய நெறிப்படி தீர்ப்பளிக்கும் ஷரியா நீதிமன்றங்களுக்கு உரியவை; அவற்றின் அதிகார வரம்பில் உள்ளவற்றில் பொது நீதிமன்றங்கள் தலையிட இயலாது என 1988இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. முஸ்லிம் ஒருவரை மணக்க விரும்புவோர் மதம் மாற வேண்டும். மலேசிய எவரெஸ்ட் குழுவைச் சேர்ந்த எம். மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தபோது, அவர் மதம் மாறியிருந்தார் என ஷரியா நீதிமன்றம் கூறியதால், இந்துவான மனைவியின் எதிர்ப்பையும் மீறி முஸ்லிம் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டார். ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தியின் பிள்ளைகளைக் கணவர் 2009இல் அவர் அறியாமல் மதம் மாற்றினார். அம்மாற்றம் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரியில்தான் தீர்ப்பளித்தது. இறந்தவரின் உடலுக்குமுன் தாயும் மனைவியும் வெவ்வேறு சடங்குகளைக் கேட்டு நிற்கும் காட்சியைக் கற்பனையால் மிகைப்படுத்தத் தேவையே இல்லை.

இத்தகைய கதைகளை எழுதுவோரும் விலை கொடுக்க நேரலாம். தோட்டத்துக் காவல் தெய்வத்தையும் 1981இல் கெடா மாநிலத்து லுனாஸில் நச்சுச் சாராயத்தால் நேர்ந்த சாவுகளையும் இணைத்து ம. நவீன் எழுதிய 'பேய்ச்சி' நாவல், ஆபாசம் என்ற காரணத்தின்பேரில் 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சால் தடைசெய்யப்பட்டது.